நாலு மணிக்கு ஏன் பஜ்ஜி?

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் மாலை நாலு மணிக்கு நடந்தால் இரண்டு வாசனைகள் மாறிமாறி வரும். ஒன்று, லேத் பட்டறைகளின் கூலன்ட் எண்ணெய். இன்னொன்று, தெருமுனை டீக்கடையின் பஜ்ஜிச் சட்டி. மாஸ்டர் வாழைக்காயை நீளவாக்கில் சீவி, கடலைமாவுக் கரைசலில் முக்கி, பாத்திர விளிம்பில் ஒரு பக்கத்தை வழித்துவிட்டு எண்ணெயில் நழுவவிடுகிறார். அது உப்பி மேலே வருவதற்குள், "மாஸ்டர், ரெண்டு பஜ்ஜி, ஒரு டீ, சக்கரை கொஞ்சம் தூக்கலா" என்று நாலைந்து குரல்கள் எழுகின்றன.

இவர்கள் யாரும் பட்டினியாக வந்தவர்கள் இல்லை. ஒரு மணிக்குத்தான் டிபன் கேரியரைத் திறந்து சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம் என்று வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். அந்தச் சோறு முழுதாகச் செரிக்கக்கூட நேரமாகவில்லை. இதே ஆள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வீட்டில் இருந்தால், பஜ்ஜி ஞாபகமே இல்லாமல் தூங்கிக்கொண்டிருப்பார். இவர்களில் சிலரிடம், சுகர் எல்லையில் நிற்கிறது, எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொல்லியும் இருப்பார். தெரிந்தேதான் கால் கடைக்குப் போகிறது.

ஏன் போகிறது? வீட்டிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, கிடைக்கும் பதில் ஒன்றுதான்: மனக்கட்டுப்பாடு இல்லை. அது தவறான பதில். தவறு என்பதோடு நிற்காமல், கேட்டவரைக் கூனிக்குறுக வைத்து, அடுத்த முறை டாக்டரிடம் போவதையே தள்ளிப்போட வைக்கிறது. அந்த நாலு மணி ஆசை உடம்பில் எங்கே, எப்படிக் கிளம்புகிறது என்று பார்த்தால், அதை எந்த இடத்தில் மாற்றலாம் என்பதும் கூடவே தெரியவரும்.

வயிற்றுப் பசி வேறு

வயிறு பசிக்கும்போது மூளைக்குச் சொல்லி அனுப்பும் ஒரு ஹார்மோனை 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கோஜிமாவும் கங்காவாவும் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் கிரெலின். பெரும்பாலும் இரைப்பையில் சுரக்கிறது; சாப்பாட்டு நேரம் நெருங்க ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறவருக்கு அந்த நேரம் வருவதற்குச் சற்று முன்பே ஏறத் தொடங்கிவிடும். அதாவது, வயிற்றுப் பசியில்கூடப் பழக்கத்துக்குப் பங்கு உண்டு.

ஆனாலும் வயிற்றுப் பசி எதற்கும் ஒத்துக்கொள்ளும். பழைய சோறும் வெங்காயமும் வைத்தாலும் அது அடங்கும். நாலு மணிக்கு வருவது அப்படிப்பட்டதில்லை. அதற்குப் பஜ்ஜிதான் வேண்டும். பழைய சோற்றை நீட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. வாய் நமநமக்கிறது, நாக்கு கேட்கிறது என்று நாம் சொல்வது இதைத்தான். குறிப்பிட்ட ஒரு தின்பண்டத்தின் மேல் மட்டும் எழும் இந்த வேட்கையை இனி உணவு ஏக்கம் என்று அழைப்போம்.

உடம்பில் ஏதோ சத்துக் குறைகிறது, அதனால்தான் நாக்கு கேட்கிறது என்று பலர் நம்புகிறார்கள். கேட்க ஆறுதலாக இருக்கும் இந்த நம்பிக்கை பெரும்பாலும் நிற்பதில்லை. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு நிறுவனத்தில் மார்சியா பெல்சாட்டும் அவருடன் பணிபுரிந்தவரும் சிலருக்குச் சில நாட்கள் ஒரே ஒரு இனிப்பு பானத்தை மட்டும் கொடுத்தார்கள். உடம்புக்குத் தேவையான சத்து எல்லாம் அதில் இருந்தது. அப்படியும் இளவயதினருக்கு மற்ற தின்பண்டங்களின் மேல் ஏக்கம் கூடியது. 2000இல் வெளியான இந்த ஆய்வில் குறைந்திருந்தது சத்து இல்லை, ருசியில் மாற்றம்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பது, பலப்பம், திருநீறு, செங்கல் தூள், ஐஸ் கட்டி ஆகியவற்றை அடக்க முடியாமல் தின்பது: இவை இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரக்கூடியவை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. வேலைக்குப் போகும் ஒரு பெண் கைப்பையில் அரிசியை வைத்துக்கொண்டு மெல்லுகிறார் என்றால் அவரைக் கேலி செய்யக் கூடாது. அன்றைக்கே ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்ல வேண்டும்.

குரங்கும் பழச்சாறும்

1990களில் சுவிட்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர், குரங்குகளின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் எப்போது துடிக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அந்தச் செல்கள் துடித்தன. பிறகு, சாறு வருவதற்குச் சற்று முன்னால் ஒரு விளக்கு எரியும்படி செய்தார். இது பலமுறை நடந்தபின் குரங்கின் மூளை பாடம் கற்றுக்கொண்டது. விளக்கு எரிந்ததுமே செல்கள் துடித்தன. சாறு விழும்போது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராமல்போனால், சாறு வரவேண்டிய அதே நொடியில் செல்களின் வழக்கமான துடிப்பும் தணிந்தது.

டீக்கடையில் நிற்பவருக்குள் நடப்பதும் இந்த வகைதான். பஜ்ஜிதான் சாறு. கடிகாரத்தில் நாலு மணி, மிஷின் நிற்கும் சத்தம், பக்கத்து பெஞ்சிலிருந்து "அண்ணே, ஒரு டீ அடிச்சிட்டு வரலாமா?" என்ற குரல், தெருமுனையில் எண்ணெய் வாசனை — இவை ஒவ்வொன்றும் விளக்கு. இப்படி முன்னறிவிப்பாக நின்று ஆசையைக் கிளப்பும் எதையும் தூண்டுகுறி என்று சொல்லலாம். பல வருடங்களாக வாரத்துக்கு ஆறு நாள் இந்தப் பாடத்தைப் படித்த மூளைக்குப் பஜ்ஜியைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அந்த விளக்குகள் எதுவும் எரிவதில்லை; அதனால்தான் அன்று தூக்கம் வருகிறது.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், வேண்டுவதும் ரசிப்பதும் மூளையில் தனித்தனி வேலைகள் என்று காட்டினார். டோபமின் இல்லாமல் செய்யப்பட்ட எலி உணவைத் தேடிப் போவதில்லை. ஆனால் அதன் நாக்கில் இனிப்பை வைத்தால் மற்ற எலிகளைப் போலவே ரசித்து நக்குகிறது. டோபமின் தூண்டுவது தேடலை. ருசி வேறு இடத்தில் பிறக்கிறது. மூன்றாவது பஜ்ஜியில் முதல் பஜ்ஜியின் ருசி இல்லை என்று தெரிந்தபின்னும் கை ஏன் தட்டுக்குப் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஒரு மணிச் சோறு

பழக்கம் மட்டும்தான் காரணம் என்றால், நேரம் ஏன் நாலு மணியைச் சுற்றியே அமைய வேண்டும்? இதற்கு விடை டிபன் கேரியரில் இருக்கிறது.

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடு முழுதும் நடத்திய பெரிய ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். அந்த ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. இந்தியர்கள் ஒரு நாளில் பெறும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்திலிருந்து வருவது சுமார் 12 சதவீதம்தான். நம் பக்கத்து மாவுச்சத்து என்றால் பெரும்பாலும் தீட்டிய வெள்ளை அரிசி. அது குடலில் சீக்கிரம் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் ஏறுகிறது. அதை இறக்க இன்சுலின் சுரக்கிறது. ஏறியது எவ்வளவு வேகமோ, சிலருக்கு இறங்குவதும் அவ்வளவு வேகம். கிளம்பிய அளவுக்கும் கீழே போய்விடுகிறது.

அந்தச் சரிவு என்ன செய்கிறது என்பதை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 1,070 பேரிடம் சோதித்தார்கள். ஒரே மாதிரி காலை உணவு கொடுத்து ரத்த குளுக்கோஸைத் தொடர்ந்து அளந்தார்கள். சாப்பிட்ட 2 முதல் 3 மணி நேரத்தில் குளுக்கோஸ் ஆழமாகச் சரிந்தவர்களுக்குச் சீக்கிரம் பசித்தது. அன்று முழுவதும் அவர்கள் மற்றவர்களைவிடச் சுமார் 300 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள். 2021இல் வெளியான இந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மேலை நாட்டினர், அவர்கள் சாப்பிட்டது காலை உணவு. அதை அப்படியே நம் மதியச் சாப்பாட்டுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் ஒரு மணியோடு இரண்டு, மூன்று மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். மூன்றிலிருந்து நாலு. சரிவும் தூண்டுகுறியும் ஒரே வேளையில் வந்து சேர்கின்றன.

ஒரு மிஷின் ஆபரேட்டரின் நாள்

ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனையில் உருவாக்கியவர்தான், ஆனால் அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தத் தெருவிலும் காணக்கூடியவர். வயது 42. திருமுல்லைவாயலில் வீடு. காலை எட்டரைக்கு வேலை, மாலை ஐந்தரைக்கு முடியும். வேலை செய்யும் பட்டறையில் மொத்தம் 20 பேர், கேன்டீன் கிடையாது. காலையில் நாலு இட்லி, மதியம் கேரியர் சோறு, நாலு மணிக்கு இரண்டு பஜ்ஜி, நாள் முழுக்க நாலு டீ.

முதலில் டீயைப் பார்ப்போம். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நாலு டீயில் 40 கிராம். சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளுக்கு 25 கிராம் அளவுக்குள் வைப்பது நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பின் கூடுதல் பரிந்துரை. "மாஸ்டர், சக்கரை கம்மி" என்று சொல்லி ஒரு ஸ்பூனுக்கு இறங்கினால் 20 கிராம். டீயைக் குறைக்க வேண்டாம், கூட்டாளிகளை விட்டு விலகவும் வேண்டாம். எல்லா மாற்றங்களிலும் இதுதான் சுலபம் என்பதால் இதில் தொடங்குவது நல்லது.

அடுத்து கேரியர். சோற்றை ஒழிக்கச் சொன்னால் அவர் நாலாம் நாள் பழைய வழிக்குத் திரும்பிவிடுவார். மிஷினில் நின்று வேலை செய்கிறவருக்கு அது நியாயமான யோசனையும் இல்லை. மாற்ற வேண்டியது அளவும் வரிசையும். உருளைக்கிழங்குக்குப் பதில் கீரை, அவரை, புடலை என ஏதாவது ஒரு காய் இரண்டு கரண்டி. அவித்த முட்டையோ, பாசிப்பயறுச் சுண்டலோ, கெட்டியான பருப்போ ஒரு கிண்ணம். சோறு ஒரு கரண்டி குறைவு. உட்கார்ந்ததும் காயையும் முட்டையையும் முதலில் முடித்துவிட்டு, பிறகு சோற்றுக்குப் போக வேண்டும். நியூயார்க்கில் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் அல்பனா சுக்லாவும் குழுவினரும் நீரிழிவு உள்ள 11 பேரிடம் இந்த வரிசையைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். அதே உணவு, அதே அளவு. காயும் இறைச்சியும் முதலில், மாவுச்சத்து கடைசியில். ஒரு மணி நேரம் கழித்து அளந்தபோது, மாவுச்சத்தை முதலில் சாப்பிட்ட நாளைவிடக் குளுக்கோஸ் 37 சதவீதம் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் காசு செலவில்லாத மாற்றம், கெடுதலும் இல்லாதது.

இப்போது நாலு மணி. இங்கேதான் பலரும் தோற்கிறார்கள், காரணம் அவர்கள் நாலு மணிக்குப் போராடத் தொடங்குவது. விளக்கு எரிந்த பிறகு போராடுவது கடினம். நம் ஆபரேட்டர் மூன்றேகாலுக்கே, ஏக்கம் கிளம்புமுன், வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்த மூக்குக்கடலைச் சுண்டலைச் சாப்பிட்டுவிட வேண்டும். வேகவைத்த மூக்குக்கடலை 100 கிராமில் சுமார் 9 கிராம் புரதமும் 7 கிராமுக்குக் குறையாத நார்ச்சத்தும் இருக்கின்றன. ஆற்றல் ஏறக்குறைய 160 கலோரி. அரிசியைவிட மிக மெதுவாகக் குளுக்கோஸாக மாறும். சுண்டல் முடியாத நாளில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. கொய்யா கிடைக்கும் காலத்தில், அரைப்பழமாக இருக்கும் கொய்யா ஒன்று.

தாளிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். கடுகு, கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், தேங்காய்த் துருவல், மாங்காய்க் காலத்தில் பொடியாக நறுக்கிய கிளிமூக்கு மாங்காய். ருசியில்லாத சுண்டலைக் கொடுத்துவிட்டு மூளை பஜ்ஜியை மறக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். உணவைத் திருத்தச் சொல்லும் டாக்டர்கள் பலர் சமையலறையைப் பற்றிப் பேசாமலே அனுப்பிவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அந்த டப்பாவைக் கட்டிக்கொடுக்க யாரோ ஒருவர் விடிகாலையில் எழுந்திருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. முந்தின இரவு கடலையை ஊறப்போடும் வேலையை ஆபரேட்டரே செய்யலாம்.

நாலு மணிக்கு வழக்கம்போல டீ. முடிந்தால் வேறு தெரு வழியாகப் போய் வேறு கடையில். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் தினமும் சாக்லேட் சாப்பிடும் 78 பேரை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. அலுவலக மேசை வேலையில் இறங்குமுன் 15 நிமிடம் வேகமாக நடந்தவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களில் பாதி அளவு சாக்லேட்தான் சாப்பிட்டார்கள். எஸ்டேட்டில் ஒரு சதுரம் சுற்றி வந்தால் 15 நிமிடம் ஆகிவிடும்.

அப்படியும் ஏக்கம் தலைதூக்கினால், அது மனத்தில் படமாக வருகிறது என்பதைக் கவனியுங்கள். பொன்னிறம், மேலே எண்ணெய் மினுக்கு, பிய்த்தால் வரும் ஆவி. ஏக்கம் வளர்வதே இந்தப் படங்களால்தான் என்கிறார்கள் டேவிட் கவனா, ஜாக்கி ஆண்ட்ரேட், ஜான் மே ஆகிய உளவியலாளர்கள். கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் படம் கலைகிறது. பிளிமத் பல்கலைக்கழகத்தில் டெட்ரிஸ் என்ற கட்டை அடுக்கும் விளையாட்டை மூன்று நிமிடம் ஆடவிட்டபோது ஏக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. போனில் அப்படி ஏதாவது ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது.

வாயைக் கட்டச் சொல்லலாமா?

பஜ்ஜியை நினைக்கவே கூடாது என்று முடிவு செய்தால் என்ன ஆகும்? 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் மாணவர்களிடம், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடையை நீக்கியபின், ஆரம்பத்திலேயே தாராளமாக நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குக் கரடி அதிகமாக வந்தது.

நினைப்பைத் தடுப்பது வேறு, தின்பதைக் குறைப்பது வேறு. இரண்டாவதைப் பற்றிக் கிடைத்திருக்கும் செய்தி நல்ல செய்தி. தவிர்க்கத் தவிர்க்க ஏக்கம் ஏறும் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அமெரிக்காவில் எடை குறைப்புக்காக இரண்டு ஆண்டுகள் பின்தொடரப்பட்ட 367 பேரைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளியானபோது அது தலைகீழாக நின்றது. ஏங்கும் பண்டத்தை எத்தனை முறை சாப்பிடுகிறோம் என்பதைக் குறைத்தவர்களுக்கு ஏக்கமே குறைந்தது. ஒவ்வொரு முறையும் சாப்பிடும் அளவை மட்டும் குறைத்தவர்களுக்கு அப்படி நடக்கவில்லை.

குரங்கின் விளக்கை நினைத்துப் பார்த்தால் இது புரிந்துவிடும். தினமும் பாதி பஜ்ஜி சாப்பிட்டாலும் விளக்கும் சாறும் தினமும் ஜோடி சேர்கின்றன, பாடம் புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே நம் ஆபரேட்டர் தினம் ஒன்று என்று இறங்குவதைவிட, வார நாட்களில் இல்லை, ஞாயிறு மாலை வீட்டில் குடும்பத்தோடு சுடச்சுட இரண்டு என்று மாற்றிக்கொள்வது நல்லது. பஜ்ஜி அவர் வாழ்க்கையிலிருந்து போகவில்லை. நாலு மணி, மிஷின் சத்தம், கூட்டாளியின் குரல் ஆகியவற்றோடு அதற்கிருந்த கட்டு மட்டும் தளர்கிறது.

தளர்ந்த கட்டு அறுந்ததாகாது. கற்ற பாடம் அழிவதில்லை, அதன் மேல் புதுப் பாடம் படிகிறது. இடைவெளிக்குப் பின் பழையது திடீரெனத் தலைகாட்டும் என்று விஞ்ஞானி பாவ்லோவே தம் சோதனை நாய்களிடம் கண்டிருக்கிறார். பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் அன்று, அடங்கிவிட்டது என்று நினைத்த ஏக்கம் முழு வேகத்தில் வரலாம். இவ்வளவுதான் என் மன உறுதி என்று அன்றைக்குப் பலர் கைவிடுகிறார்கள். அது தோல்வி இல்லை. மூளை வேலை செய்யும் விதமே அப்படி. மூன்றேகால் சுண்டலைத் தொடர்ந்தால், இரண்டாம் முறை முன்பைவிடச் சீக்கிரம் அடங்கும்.

இரவு எட்டு மணியும் நைட் ஷிப்டும்

ஆவடி பேருந்து நிலையம், அம்பத்தூர் ஓ.டி., பூந்தமல்லியில் குமணன்சாவடி: எங்கே பார்த்தாலும் பரோட்டாக் கல்லிலும் பாஸ்ட் புட் வாணலியிலும் கரண்டிச் சத்தம் உச்சத்தில் இருப்பது இரவு எட்டைச் சுற்றித்தான். வேலை விட்டு வரும் நேரம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம். 2013இல் ஆய்வாளர் பிராங்க் ஷீரும் அவருடைய குழுவினரும், வெளிச்சம், தூக்கம், உணவு ஆகியவற்றின் பாதிப்பைப் பிரித்தெடுத்து 12 பேரை அளந்தார்கள். பசி மிகவும் குறைந்திருந்தது காலை எட்டு மணி வாக்கில். உச்சம் தொட்டது இரவு எட்டு மணி வாக்கில். இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மேலுள்ள விருப்பமும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது.

அந்தக் கடிகாரத்துக்கு எதிராக வேலை பார்க்கிறவர்களின் பாடு இன்னும் கடினம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். இரண்டு இரவுகள் பத்து மணி நேரம் படுக்கையில் இருந்தபோது எடுத்த அளவுகளோடு ஒப்பிட்டால், போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது. இரண்டே இரவுகள்! நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, தகரக் கூரை சுடும் வீட்டில், தெரு இரைச்சலுக்கு நடுவே பகலில் நாலு மணி நேரம் கண்ணயர்கிறவரின் உடம்பில் என்ன நடக்கும்? அவரிடம் போய் மனக்கட்டுப்பாடு பற்றிப் பேச எனக்கு மனம் வராது. அவருக்கு முதல் மருந்து சன்னலுக்குக் கறுப்புத் திரை.

காலையில் எல்லோருக்கும் சமைத்துவிட்டு, தான் சாப்பிடாமல் பஸ் பிடிக்கும் பெண்களுக்கும் இதைப் போன்ற ஒன்று நடக்கிறது. காலை உணவைத் தவிர்க்கும் 20 பதின்வயதுப் பெண்களிடம் ஆய்வாளர் ஹெதர் லைடி அமெரிக்காவில் செய்த ஆய்வில், புரதம் நிறைந்த காலை உணவைத் தொடங்கியபின் மாலையில் இனிப்பும் கொழுப்புமான நொறுக்குத்தீனிகளைத் தின்பது குறைந்தது. இரவு எட்டு மணி ஏக்கத்தின் ஒரு பகுதியைக் காலை எட்டு மணிக்குத்தான் தீர்க்க முடியும். இரண்டு முட்டையோ, முந்தின இரவு அரைத்து வைத்த பாசிப்பருப்பு அடையோ போதும்.

ஆயப்பாக்கத்தில் உப்பு

அம்பத்தூரை ஒட்டிய ஆயப்பாக்கத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது. தினமும் அதைக் கடந்து போகிறவர்களில் பலருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. இந்தியர் சாப்பிடும் உப்பைக் குறைக்கும் வழிகளைத் தேடும் ஆய்வை அந்த நிறுவனம் 2025இல் பஞ்சாபிலும் தெலங்கானாவிலும் தொடங்கியது. அந்தச் சமயத்தில் அது சொன்ன கணக்கு: நகரத்து இந்தியர் ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் உப்பு சுமார் 9.2 கிராம், உலக சுகாதார அமைப்பின் வரம்பு 5 கிராம்.

மிக்சர், சிப்ஸ், ஊறுகாய் என்று உப்புக்காக நாக்கு அலைபவர்களுக்கு இதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மோனெல் நிறுவனத்தில் 1982இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து மாதம் உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு நாக்கே மாறிவிட்டது. முன்பு பிடித்திருந்த உப்பு அளவு இப்போது அதிகமாகத் தோன்றியது. மாற்றம் வர வாரங்கள் போதாது, இரண்டு மூன்று மாதம் ஆகும். சட்டென்று பாதியாக்காமல் குழம்பில் மாதத்துக்குச் சிறிதளவு குறைத்தால் வீட்டில் யாருக்கும் பெரிதாகத் தெரியாது. கடையில் கிடைக்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

பட்டறையும் டீக்கடையும்

தனி ஒருவரின் முயற்சிக்குத் துணை கிடைத்தால் என்ன நடக்கும் என்பதைச் சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரனின் குழு காட்டியிருக்கிறது. நீரிழிவு எல்லையில் நின்ற 537 வேலைக்குப் போகும் ஆண்களில் பாதிப்பேருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் போனில் தொடர்ந்து வந்தன. மற்றவர்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்த ஆலோசனை மட்டும். 2013இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம். சாதாரண எஸ்.எம்.எஸ். செய்த வேலை இது. அறிவுரையை ஒருமுறை சொல்லிவிட்டுப் போவதற்கும், தூண்டுகுறிகள் நிறைந்த நாளுக்குள் அதைத் திரும்பத் திரும்ப அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் வேண்டும் என்றது. அதை நடத்துவதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் வைத்தது. அப்படிக் கேன்டீன் உள்ள ஆலைகளில் போனஸ், ஓ.டி. பற்றிப் பேசுவது போலவே, மாலை டிபனுக்கு வடைக்கு மாற்றாகச் சுண்டல் கேட்பதும் சங்கத்தின் வேலைதான். எஸ்டேட்டின் பெரும்பாலான பட்டறைகள் மிகச் சிறியவை. அங்கே தெருமுனை டீக்கடைதான் கேன்டீன். மாஸ்டர் பஜ்ஜி போடுவது அது விற்கிறது என்பதால். சுண்டல் விற்றால் சுண்டலும் போடுவார். ஆனால் பஜ்ஜி மாவைப் பத்து நிமிடத்தில் கரைத்துவிடலாம், கடலையை முந்தின இரவே ஊறப்போட வேண்டும், மீந்தால் நஷ்டம் அவருக்கு. ஒரு கிலோ மூக்குக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும், தலைக்கு 100 கிராம் வீதம் 20 பேருக்குச் சரியாக இருக்கும். நம் ஆபரேட்டரின் பட்டறையில் இருப்பதும் 20 பேர்தான். திங்கட்கிழமை சுண்டல் வேண்டும் என்றால் சனிக்கிழமை டீ குடிக்கும்போதே மாஸ்டரிடம் சொல்லிவிட வேண்டும்.